சாயம் ஏற அரைமணி நேரம்

டாக்டரம்மா கை ஓங்கி நான் பார்த்தது மூன்றே முறைதான். முதல் அடி ஓர் ஊசிக்காரனுக்கு விழுந்தது, அடுத்தது ஒரு காளைக்கு, கடைசி அடி எனக்கு. மூன்றும் நியாயமான அடிகள் என்று இப்போது சொல்கிறேன். வாங்கிய அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

அவர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தபோது நாற்பது வயதிருக்கும். குள்ளம், கனத்த உடம்பு, எப்போதும் இழுத்துச் செருகிய புடவை, காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு தகரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கு அந்தப் பக்கத்து ஜனம் வந்து குடியேறி வருஷக்கணக்காகிவிட்டதால் அந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஆண்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் 'வே'யை ஒரு பெண்பிள்ளை, அதுவும் படித்த டாக்டர், ஊர்க்கவுண்டரைப் பார்த்துப் போட்டபோது ஆடித்தான் போனோம். மரியாதையில் எங்கள் பக்கத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒருத்தனை உதைக்கப் போனால்கூட 'ஏனுங்க' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உதைப்போம்.

நான் சாமளாபுரத்துக்கும் மங்கலத்துக்கும் நடுவில் இருப்பவன். பன்னிரண்டு தறி ஓடும் குடோன், அதை ஒட்டியே வீடு, மூன்று ஏக்கர் தோட்டம், நாலு கறவை மாடு. மாட்டைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. தறியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொள்வது நான்.

மாட்டுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் டாக்டரம்மா உடனே வந்துவிடுவார். வந்த கையோடு ஊசி போடமாட்டார், அங்கேதான் தகராறு. கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார். தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்குவார். வாலைத் தூக்கி, மடிச்சந்தில் விரலை விட்டு உண்ணி தேடுவார். அப்புறம் காது நுனியைத் துடைத்து ஊசியால் ஒரே குத்து. வரும் சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தொட்டு, இன்னொரு கண்ணாடியால் சரட்டென்று இழுத்துவிடுவார். இப்படி இரண்டு கண்ணாடி எடுப்பது அவர் வழக்கம்.

"ரெண்டு எதுக்குங்க டாக்டரம்மா?" என்று ஒருமுறை என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு நம்பாதவனுக்கு."

கண்ணாடியைக் காயவைத்து அதன்மேல் ஊதாச் சாயம் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிடுவார். பிறகு கழுவி, தகரப்பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அது அவர் சொந்தக் காசில் வாங்கியது. எங்கள் ஊரில் அதைப் பார்க்க இரண்டு இடைஞ்சல். ஒன்று பஞ்சு. தறி ஓடும் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும், கண்ணாடியில் ஒட்டும். பனியன் வேஸ்ட் துணியால் யாராவது துடைத்துக் கொடுத்துவிட்டால் வாயில் வந்ததைச் சொல்வார். இன்னொன்று அதிர்வு. பன்னிரண்டு தறி ஓடினால் வீட்டுத் தரையே கிடுகிடுக்கும், மைக்ராஸ்கோப்பில் எதுவும் நிலைக்காது. "தறியை நிப்பாட்டும்" என்பார். ஒரு மாட்டுக்காகத் தறியை நிறுத்துவதா என்று எரிச்சலாக வரும். நிறுத்துவோம்.

ஊசிக்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு கிடிப்பு எதுவும் இல்லாமல் பைக்கில் பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவன். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டுப் போவான், அதனால் ஜனங்களுக்கு அவன்மேல் பிரியம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சினைமாட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து போட்டிருக்கிறான். நாலாம் நாள் மாடு விழுந்துவிட்டது. டாக்டரம்மா போனபோது மாட்டுக்கு மூச்சு நெஞ்சில் இல்லை, வயிற்றில் இருந்தது. அவனும் அங்கேயே நின்றிருந்தான்.

"என்னத்தைப் பாத்துவே போட்டீரு?"

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? அனுபவந்தானுங்க."

அடி விழுந்த சத்தம் பத்தடி தள்ளி வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. அவன் மூக்குக்கண்ணாடி தெறித்து மாட்டின்மேல் விழுந்தது. அவன் திருப்பி அடிக்கப் பாய, நாங்கள் நாலு பேர் பிடித்துக்கொண்டோம். டாக்டரம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தத்துக்குள் மோதிரம் மோதிரமாகக் கிருமி இருந்ததாம். அதற்கான ஊசியே வேறு, மூன்று நாளைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மாடு அன்று மதியம் செத்துப்போனது, வயிற்றில் கன்றோடு. அப்புறமும் அவர் போகவில்லை. செத்த மாட்டின் காதுக்குள்ளிருந்து இடுக்கியால் உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு புட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

ஒரு அரசாங்க டாக்டர் கை நீட்டலாமா என்று ஊரில் பேச்சானது. அவரிடமே கேட்டார்கள். "மாடு கெடக்கதைப் பாத்தேன். அவன் பையில மருந்தைப் பாத்தேன். பொறவுதான அடிச்சேன்" என்றார். அதுதான் டாக்டரம்மா. கோபம் எங்களுக்கு வருவதைவிட அவருக்குச் சீக்கிரம் வரும். ஆனால் பார்க்காமல் கை எழும்பாது.

காளைக்கு விழுந்த அடி வேறு மாதிரி. காங்கேயத்துக் காளை, நூற்றாறு டிகிரி காய்ச்சல். காதைத் தொட்டதும் அவரைக் கல்தூணோடு வைத்து அழுத்திவிட்டது. கை எலும்பு நொறுங்கிய சத்தத்தை நாங்கள் கேட்டோம். அவர் வலது கையை மடக்கி அதன் மூக்குமேல் ஒரு குத்து விட்டார். அது அசந்த நேரத்தில் வெளியே வந்து, இடது கை இரண்டு விரல் தொங்கத் தொங்க, வலது கையால் காதில் குத்தி ரத்தம் எடுத்தார். "இந்த மாட்டைப் போயி ஏனுங்க பாத்துக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்று கெஞ்சினேன்.

"காய்ச்சல்ல கெடக்கவன் முட்டத்தாம்வே செய்வான். நீங்கள்லாம் நல்லாயிருக்கும்போதே முட்டுதீய" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. மழையோடு மழையாகக் கழிவை ஓடைப்பள்ளத்தில் திறந்துவிடுவது அங்கே நடக்கும். அந்த வாரமும் பள்ளத்தில் தண்ணீர் சிவப்பாகப் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் நுரைக்கும், தென்னைக்கு விட்டால் குருத்து கருகும். மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. அந்தக் கோபம் பொய்யான கோபமில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாள் காலையில் மனைவி மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து ஓடி வந்தாள். "ஏனுங்க, செவலை ரத்தமா மோளுதுங்க."

கன்று போட்டு மூன்று மாதமான கலப்பின மாடு. போய்ப் பார்த்தால் காப்பித் தண்ணீர் மாதிரி கருஞ்சிவப்பாய் மூத்திரம் தேங்கி நிற்கிறது. மாடு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் வருவதற்குள் என் பெரியப்பா மகன் வந்துவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், எங்கே சண்டை நடந்தாலும் முன்னால் நிற்பவன். தரையைப் பார்த்தான், பள்ளத்துப் பக்கம் பார்த்தான். "சாயத்தண்ணியேதான். குடிச்சது அப்படியே வெளிய வருது பாரு" என்றான். எங்களுக்கு அது சத்தியமாகப் பட்டது. பள்ளத்தில் ஓடிய சிவப்பும் தரையில் கிடந்த சிவப்பும் ஒன்றுதான் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

டாக்டரம்மா வந்தார். இமையைப் புரட்டினார், வெள்ளைத்தாளாக இருந்தது. வாலைத் தூக்கினார். அடியில் ஆமணக்கு விதை ஆமணக்கு விதையாக உண்ணி.

"போன மாசமே சொன்னம்லா, உண்ணிக்கு மருந்து அடியும்னு? சந்தையில வாங்கின மாட்டைச் சேத்துக் கட்டாதீருன்னு?"

சொல்லியிருந்தார். தறி வேலையில் மறந்துவிட்டேன். ஆனால் பங்காளி முன்னால் அப்படிக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உண்ணி எந்த மாட்டுலதானுங்க இல்ல? தண்ணியைப் பாருங்க, பள்ளத்துல எப்படிப் போவுதுன்னு."

"தண்ணியா உண்ணியான்னு ரத்தம் சொல்லும். சாயம் ஏற அரைமணி நேரம் ஆவும். அதுவரைக்கும் ஒருத்தரும் எங்கனயும் போவப்படாது. தறியை நிப்பாட்டும்."

தறியை நிறுத்தினேன். அதுதான் வினையானது. பன்னிரண்டு தறியும் நின்றதும் குடோனில் இருந்த ஆட்கள் வெளியே வந்தார்கள். சத்தம் நின்ற ஊரில் பேச்சு நன்றாகக் கேட்கும். பெரியப்பா மகன் பேசினான். கிணற்றைச் சொன்னான், தென்னையைச் சொன்னான், செத்துக்கொண்டிருக்கும் மாட்டைக் காட்டினான். "இந்தம்மா பாத்துச் சொல்றதுக்குள்ள மாடு போயிரும். வாங்க போலாம்." தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் கட்டை குடோன் மூலையில் நாலைந்து கிடந்தது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். நானும் எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது டாக்டரம்மா வீட்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடிமேல் ஊதாச் சாயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். கடியாரத்தைப் பார்க்கிறார் என்பது தலையசைவில் தெரிந்தது.

பட்டறை முதலாளி எங்கள் ஆள்தான், அம்மா வழியில் உறவு. அவர் திருப்பூரில் இருந்தார். மேனேஜர் எங்களைக் கண்டதும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தொட்டிப் பக்கம் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். ஒடிசாக்காரன், முப்பது வயதிருக்கும். சாயம் கலக்குகிறவன், முழங்கை வரை இரண்டு கையும் சிவப்பு. அந்தக் கையைப் பார்த்ததும் எங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க" என்றான் பெரியப்பா மகன்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். ஏதோ வேலை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான். வயிற்றில் முதல் உதை விழுந்தது. "அண்ணா, நான் தண்ணி விடலே அண்ணா. நான் கலர் மட்டும் போடறான் அண்ணா" என்றான். தடுக்கக் கையைத் தூக்கினான், கையில் கட்டை விழுந்தது. எலும்பு முறிந்து கை வேறு பக்கம் திரும்பியது. எழுந்து ஓடப் பார்த்தான். அப்போது நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்தேன். காதுக்குப் பின்னால் பட்டது. அடியின் அதிர்வு என் தோள் வரைக்கும் ஏறியது. அவன் முகங்குப்புற ஈரத் தரையில் விழுந்தான். விழுந்த பிறகும் காலால் உதைத்தார்கள். அவனைச் சுற்றித் தேங்கியதில் எவ்வளவு சாயம், எவ்வளவு ரத்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டரம்மா அதைப் போட்ட இடத்திலேயே சாய்த்துவிட்டு ஓடி வந்தார், கையில் இரண்டு கண்ணாடித் துண்டு.

"உண்ணிலே! உண்ணி! ரத்தம் பூரா எள்ளு எள்ளாக் கெடக்குலே! தண்ணி இல்லலே!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் கீழே கிடந்தவனைப் பார்த்தார். அப்புறம் நேராக என்னைப் பார்த்தார். என் கட்டையின் நுனியில் முடி ஒட்டியிருந்தது. அறைந்தார். எனக்குக் கண்ணில் பொறி பறந்தது. அடுத்த நொடி கண்ணாடித் துண்டு இரண்டையும் என் சட்டைப் பைக்குள் திணித்தார். "பத்திரமா வச்சிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஈரத்தில் மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சாயத்துக்கு வந்து ஓரத்தில் கிடந்த மூட்டையிலிருந்து பனியன் துணியை உருவிக் காதோடு சேர்த்து இறுக்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கிய கையை எடுக்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக நழுவினோம். நான் மட்டும் நழுவ முடியவில்லை, பையில் அவருடைய கண்ணாடி இருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் எழுந்தார். புடவை முழுக்க ரத்தம். "வாரும். மாடு என்ன பண்ணிச்சு, அதையாவது காப்பாத்துவோம்" என்றார். வந்து கையைக் கழுவிக்கொண்டு செவலைக்கு ஊசி போட்டார். பிறகு என் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, என் பிடரியில் கையை வைத்துக் குனியவைத்தார்.

"பாரும்."

வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். சிலவற்றுக்குள்ளே இரண்டு எள் முனையோடு முனை ஒட்டினாற்போலக் கிருமி. தறி நின்றிருந்ததால் அசையாமல் தெளிவாகத் தெரிந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் இந்நேரம் மதியச் சோற்றுக்குப் போயிருப்பான்.

அந்தக் கண்ணாடியை அவர் வைத்துக்கொண்டார். பையில் இருந்த இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை.

செவலை மூன்றாம் நாள் எழுந்து தீனி தின்றது. பால் பழையபடி வந்துவிட்டது. ஒடிசாக்காரனுக்கு ஒரு காது போயிற்று. வலது கை மடங்கவில்லை.

கேஸ் ஆனது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் டாக்டரம்மாவிடம் போனார்கள். மாடு சாயத்தண்ணி குடித்துத்தான் நோயில் விழுந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்கள் பக்கம் நியாயம் நிற்கும் என்று கேட்டார்கள். முடியாது என்றார். மறுநாள் பட்டறைக்காரர்கள் போனார்கள். பட்டறைத் தண்ணீரால் மாட்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று எழுதிக் கேட்டார்கள்.

"இந்த மாட்டுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். அதைப் பாத்தேன், எழுதுதேன். ஒங்க தண்ணியை நான் எங்கவே பாத்தேன்? கொண்டாரும், அதையும் பாத்துச் சொல்லுதேன்" என்றிருக்கிறார்.

இரண்டு பக்கமும் பகையாகிவிட்டது. அந்த வாரமே பட்டப்பகலில் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார்கள். பெரியப்பா மகன் மைக்ராஸ்கோப்பைத் தூக்கி வாசல் கல்லில் அடித்தான். பிறகு காலால் மிதித்தான். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். டாக்டரம்மா யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது தப்பிச்சிட்டு" என்றார். அடுத்த மாதம் அவரை மடத்துக்குளம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

நாலு வருஷம் கழித்துக் கேஸ் விசாரணைக்கு வந்தது. ஒடிசாக்காரன் ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்தான். கேள்வி கேட்கும்போதெல்லாம் நல்ல காதைத் திருப்பிக் காட்டினான். "பின்னாடி அடிச்சாங்க சார். யாருன்னு நான் பாக்கலே" என்றான். என்னைத் தாண்டிப் போனபோது தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். இளைத்திருந்தார். எங்கள் வக்கீல் என்னைக் காட்டிக் கேட்டார்: "இவர் அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் உள்ளே போவேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மைக்ராஸ்கோப்பை உடைத்தவர்கள் எதிரே வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தே சொன்னார்.

"அடிச்சதைப் பாக்கல. கட்டை இவர் கையில இருந்ததைப் பாத்தேன்."

"மற்றவர்கள் கையில்?"

"நாலஞ்சு பேரு கையில இருந்துது."

பிறகு ஒருநாள் தீர்ப்பு வந்தது. யார் அடித்தது என்று நிரூபணமாகவில்லை என எல்லோரையும் விட்டுவிட்டார்கள். சாட்சி சொன்ன அன்றைக்கே எங்கள் ஆட்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அன்று கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் என் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். டாக்டரம்மா பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தக் கடையைத் தாண்டினார். நின்றார். கூட்டத்துக்குள் வந்து என் எதிரே நின்றார். அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"நான் பாக்கலவே. நீரு பாத்தீர்லா?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு நின்றார். என் வாயில் பதில் இருந்தது. பெரியப்பா மகன் என் கையில் டீ டம்ளரைக் கொடுத்தான், நான் அதை வாங்கிக்கொண்டேன். டாக்டரம்மா ரோட்டைக் கடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நம்பாதவனுக்கான கண்ணாடி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஊதா கொஞ்சம் வெளுத்திருக்கிறது. போன வாரம் இதையெல்லாம் எழுதி வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பக்கம் படித்ததும் கதவைச் சாத்திவிட்டு, "கிழிச்சுப் போடுங்க, முடிஞ்ச விஷயமுங்க" என்றார். கிழிக்கவில்லை. மடத்துக்குளத்துக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரியை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: பார்த்தேனுங்க டாக்டரம்மா, அவன் காதுக்குப் பின்னால் அடித்தது நான்தான்.